பிரான்சிஸ் தொடரில் என் நைனாவின் கை

என் ஆசை நைனாவுக்கு,

செல்விதான் எழுதுகிறேன். "எப்பம்மா போடறாங்களாம், எப்பம்மா போடறாங்களாம்" என்று சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாயே, அந்தத் தொடரில் உன் பகுதி போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிட்டது. பார்த்தேன். நாலு நாளாக வீட்டில் ஒரு பாத்திரத்தைக்கூட நான் மெதுவாக வைக்கவில்லை. உன் மருமகன் எனக்குப் பயந்து கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

நான் கள்ளக்குறிச்சி கோர்ட்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் ஊராருக்கு மனு டைப் அடிப்பவள். "ஐயா அவர்களுக்கு" என்று ஆரம்பித்து "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்துப் பழகிய கை. இந்தக் கடிதத்தில் தாழ்மை எல்லாம் கிடையாது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

நீ கச்சிராயபாளையத்தில் கரும்புத் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிய ஏழுமலை. வாலிப வயதில் உனக்குத் தொழுநோய் வந்தது. மாத்திரை சாப்பிட்டாய், நான் பிறப்பதற்கு முன்பே குணமாகிவிட்டாய். நோய் போய்விட்டது, மடங்கிய விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. கட்டை விரல் இரண்டும்தான் நேராக இருக்கும். மண்வெட்டியை மணிக்கட்டோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டுதான் மடை திருப்புவாய். சூடு தெரியாத கை என்பதால் அம்மா இருந்தவரைக்கும் அடுப்புப் பக்கம் உன்னை விட்டதில்லை.

அப்புறம் அந்த அட்டை. சிகிச்சை முடிந்தது, இவரிடமிருந்து நோய் பரவாது என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அட்டை. சட்டைப் பையில் அது இல்லாமல் நீ வெளியே போய் நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்தால் எடுத்து நீட்டுவாய். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும் முன் நீட்டுவாய். ஓரம் நைந்துபோகிறபோதெல்லாம் என் கடைக்குக் கொண்டு வருவாய், நான் லேமினேஷன் போட்டுத் தருவேன். மூன்று தடவை போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட, இது எதுக்கு நைனா உனக்கு என்று நான் கேட்டதில்லை.

சுந்தரம் அண்ணன் டீக்கடைக்கு நீ வீட்டிலிருந்தே எவர்சில்வர் தம்ளர் எடுத்துப் போவாய். அவர் தம்ளரில் படாமல் தூக்கி ஊற்றுவார். அவருக்கும் அட்டையைக் காட்டத்தான் செய்வாய். "எனக்குத் தெரியாதா ஏழுமல, வர்ற கிராக்கிங்க ஒரு மாறி பாப்பாங்க இல்ல" என்பார். நீயும் தலையாட்டிவிட்டுக் குடிப்பாய்.

போன வருஷம் தை மாதம் அந்த டீக்கடையில்தான் தொடர்க்காரர்களின் மேனேஜர் உன்னைப் பார்த்தார். பிரான்சிஸ் என்று இத்தாலி நாட்டில் அசிசி ஊர்க்காரர், கிறிஸ்தவங்க கும்பிடுகிற பழைய காலத்துச் சாமியார். அவர் கதையை டிவித் தொடராக எடுக்கிறார்கள், இத்தாலி மலைக்குப் பதிலாக நம்முடைய கல்வராயன் மலை. அன்றைக்கே டவுன் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"செல்வி, இன்னிக்கி என் கையப் பாத்துட்டு ஒருத்தரு சூப்பர்னு சொன்னாரும்மா."

"யாரு நைனா, குடிகாரனா?"

"தா, சும்மா இரு. சினிமாக்காரங்க. அந்தப் பிரான்சிஸ் பெரிய துணிக்கடக்காரன் புள்ளயாம். நோய்க்காரனப் பாத்தா மூக்கப் புடிச்சிக்கினு சுத்திக்கினு போவானாம். ஒரு நாளு குதுரமேல போய்க்கினு இருக்கசொல்ல எதுர்ல ஒரு நோய்க்காரன் வரான். எறங்கி அவன் கைக்கு முத்தம் குடுத்து, அப்பிடியே கட்டிப் புடிச்சிக்கினானாம். நெசமா நடந்ததாம்மா, எண்ணூறு வருசத்துக்கு மின்னாடி. அந்த நோய்க்காரன் நான்தான்."

"அந்த நோய்க்காரரு பேரு இன்னாவாம்?"

"அத்தயும் கேட்டேன். யாரும் எழுதி வெக்கிலயாம்." அப்போதுதான் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாய். அப்புறம் சிரித்தாய். "இப்ப எழுதுவாங்கம்மா. டைட்டில்ல பேரு போடறேன்னு மேனேஜர் சொல்லிக்கிறாரு. ஏழுமல, கச்சிராயபாளையம்னு."

அந்த ஒரு வாரம் நீ பண்ணின அலப்பறை இருக்கிறதே! முடி வெட்டிக்கொண்டு, முழுசாகச் சவரம் செய்துகொண்டு வந்து நின்றாய். நோய்க்காரனுக்கு எதுக்குய்யா சவரம் என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டாராம். தாடி வளர மேலும் பத்து நாள் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் நீ தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்லிவிட்டாய். "ஹீரோ என்னக் கட்டிப் புடிக்கிறாரு, அல்லாரும் பாருங்க" என்று தெரு நாயிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

கல்வராயன் மலை மேல் இருக்கிற வெள்ளிமலைக்கு ஜீப்பில் கூட்டிப் போன அன்று விடியற்காலையில் நான் வந்து உனக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். வேஷத்துக்குச் சட்டை இல்லை, கோணிதான் என்று அட்டையை நீ ஆணியில் மாட்டிய சட்டைப் பையிலேயே விட்டுவிட்டாய். நான்தான் அதை எடுத்து உன் இடுப்பு வேட்டியில் சொருகிவிட்டேன். "எதுக்கும் இருக்கட்டும் நைனா" என்றேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள். நான் அப்புறம் இதற்கு வருவேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கேட்டேன். "கட்டிப் புடிச்சாரா?"

"புடிச்சாரும்மா. கெட்டியா. பவுடர் வாசன கம்முனு இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னாய். ஒரு விஷயத்தை ஒன்பது தடவை சொல்கிற ஆள் ஒரு வரியோடு போய்ப் படுத்துக்கொண்டாய். மலையேறி இறங்கிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அறிவு வேண்டாமா?

ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய், நாலே நாளில் போய்விட்டாய். உனக்குக் கடைசியாகப் போட்டுவிட்ட சட்டைப் பையில் அந்த அட்டையை வைத்து அனுப்பினேன். எதுக்கும் இருக்கட்டும் என்று.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ கூப்பிட்டு வைத்த ஆட்களை எல்லாம் நான் மறுபடியும் கூப்பிட்டேன். ஹால் நிறைந்துவிட்டது. சுந்தரம் அண்ணன் கடையை மூடிவிட்டு பஸ் ஏறி வந்து, இரண்டு பாக்கெட் மிக்சரோடு நாற்காலியில் உட்கார்ந்தார். மணியோசை, பாட்டு, அப்புறம் நம்ம மலை. கடுக்காய் மரத்தடியில் வெள்ளைக் குதிரை. கடுக்காய் மரம் இத்தாலியில் இருக்கிறதோ என்னவோ, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குதிரை நின்றது. பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு கை நீண்டு வந்தது.

"எங்க நைனா கை!" என்று கத்திவிட்டேன். ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். டிவியில் அவ்வளவு பெரிசாக, அவ்வளவு வெளிச்சத்தில், அந்த மடங்கிய விரல்கள், இடது கையில் வெந்நீர்ப் பானை பட்ட தழும்பு. பட்டு அங்கி போட்ட ஒரு கை வந்து அதைப் பிடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது நைனா. அடுத்தது முகத்தைக் காட்டினார்கள். முகம் உன்னுடையது இல்லை.

யாரோ ஒரு வாலிபன். நல்ல சிவப்பு. கன்னத்தில் மெழுகை உருக்கி ஒட்டியிருந்தார்கள். அவனைத்தான் கதாநாயகன் கட்டிப்பிடித்தார், கண்ணை மூடிக்கொண்டு, வயலின் வாசிக்க வாசிக்க. பக்கத்து வீட்டுக்காரி மெதுவாக, "இது ஏழுமல மாமா இல்லியேக்கா" என்றாள். "வரும், இரு" என்றேன். வரவில்லை.

இன்னும் கேள். கட்டிப்பிடித்துவிட்டுக் குதிரை ஏறித் திரும்பிப் பார்க்கிறார், நோய்க்காரரைக் காணோம். வழி முழுக்க வெளிச்சம் மட்டும்தான் இருக்கிறது. வந்தது நோய்க்காரரே இல்லையாம், சாமியாம். சாமியாக இருந்தால்தான் கட்டிப்பிடிக்கலாமா? வெறும் ஆளாக இருந்தால் என்ன ஆகிவிடும்? நீ பார்த்திருந்தால் கட்டாயம் கேட்டிருப்பாய், "அப்ப அந்த ஆளு எங்கம்மா போனான், சோத்துக்கு இன்னா பண்ணுவான்?" என்று.

கடைசியில் பேர் ஓடியது. நான் டிவி பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு பேராகப் படித்தேன். குதிரைக்காரர் பேர் இருந்தது நைனா. குதிரைக்குப் பேர் இருந்தது. உன் பேர் இல்லை.

எல்லோரும் மிக்சரைக் கையில் வைத்துக்கொண்டு தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுந்தரம் அண்ணன் நைசாக எழுந்து செருப்பைத் தேடினார். படப்பிடிப்பு அன்றைக்கு அங்கே டீ போட்டவர் அவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் போய் மறித்துக்கொண்டேன்.

"நீங்க அங்கதாண்ணா இருந்தீங்க. எங்க நைனாவ அந்தாளு கட்டிப் புடிச்சாரா இல்லியா?"

"வுடு செல்வி. மனுசன் போய்ட்டாரு. இப்ப இன்னாத்துக்கு?"

"சொல்லிட்டு நவுருங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலைலருந்து நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. ஹீரோ உங்க நைனா கையப் புடிச்சிப் புடிச்சிப் பாத்துக்கினு இருந்தாரு. மேக்கப் பிரமாதம்னு மேக்கப்காரரு முதுவுல தட்டிக் குடுத்தாரு. இது நெசக் கைன்னு யாரும் அவருக்குச் சொல்லல. ஒத்திகைல ஒரு தபா கட்டிக்கூடப் புடிச்சாரு. கெட்டியாத்தான் புடிச்சாரு."

"அப்பறம்?"

"அப்பறம் எடுக்கப் போற நேரத்துல உங்க நைனா இடுப்புலருந்து அட்டய எடுத்து நீட்னாரு. 'பயப்படாதீங்க சார், என் பொண்ணு பொறக்கறதுக்கு மின்னாடியே சரியாயிட்டுது, யாருக்கும் ஒட்டாது'ன்னாரு. அந்தாளு அட்டயப் பாத்தாரு. கையப் பாத்தாரு. நேரா வேன்ல ஏறிப் போயி கையக் கழுவ ஆரம்பிச்சாரு. வெளிய தண்ணி வர்ற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. வேற ஆள் வெச்சி எடுத்தா எடுங்க, இல்லன்னா நான் ஊருக்குப் போறேன்னுட்டாரு."

கையை எடுக்கிற இடத்துக்கு மட்டும் ஹீரோவின் அங்கியை மேக்கப்காரர் மாட்டிக்கொண்டாராம். டிவியில் உன் கையைப் பிடித்தது அவருடைய கை. அவராவது பிடித்தாரே, அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

"நைனா இன்னா சொன்னாரு?"

"டீ கேட்டாரு. பொண்ணுகிட்ட இதெல்லாம் சொல்லாத சுந்தரம், அதுதான் அட்டய வெச்சி அனுப்பிச்சிது, மனசு வுட்டுப்புடும்னாரு."

புரிகிறதா நைனா, எனக்கு ஏன் பாத்திரம் மெதுவாக வைக்க வரவில்லை என்று? கோணிச் சாக்கோடு பேசாமல் நின்றிருந்தால் அந்த ஆள் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பார். எண்ணூறு வருஷத்துக் கதையில் உன் முகம் வந்திருக்கும். பயப்பட வேண்டாம் என்று காட்டுவதற்காகவே நீ ஆயுசு முழுக்கச் சுமந்த அட்டைதான் அவரைப் பயமுறுத்தியது. அன்றைக்கு அதை உன் இடுப்பில் சொருகியவள் நான். மெழுகு என்று நினைத்தவரை அணைக்க முடிந்தது, மனுஷன் என்று தெரிந்ததும் சோப்பு தேவைப்பட்டது. த்தூ! இதில் பிரான்சிஸ் வேஷம் ஒரு கேடு.

உன் மேலும் கோபம்தான். "ஒட்டாது சார்" என்று உன்னை யார் சொல்லச் சொன்னது? அவர் கேட்டாரா? ஒத்திகையோடு கதையை நிறுத்திக்கொண்டு, பவுடர் வாசனை என்று சொல்லி என்னை ஏமாற்றினாயே, என்னிடம் சொல்லியிருந்தால் அடுத்த ஜீப் பிடித்து மலையேறி அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ?

சுந்தரம் அண்ணனையும் விடவில்லை. "அந்தாளு ஒரு நாளு கை கழுவுனாரு. நீங்க எத்தினி வருசம் தூக்கி ஊத்துனீங்க?" என்றேன். தெருவே கேட்டது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மிக்சர் பாக்கெட் இன்னும் டிவி பக்கத்தில்தான் கிடக்கிறது.

திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போனதும் மேனேஜருக்குப் போன் போட்டேன். நம்பர் உன் பழைய போனில் இருந்தது, "சினிமா" என்று. உன் மகள் என்று சொன்னதும் நன்றாகத்தான் பேசினார். புதன்கிழமை மறுஒளிபரப்பு என்று தெரியும், அதற்குள் பேரையாவது சேருங்கள் என்று கேட்டேன்.

"மேடம், அந்த எபிசோடுக்கே அந்தக் கைதான் ஹைலைட். சந்தோசப்படுங்க. ஆனா அட்மாஸ்பியர் ஆளுங்க, அதாவது கூட்டத்துல நிக்கறவங்களுக்கெல்லாம் டைட்டில்ல பேர் போடற பழக்கம் இல்ல."

"குதுரக்காரருக்குப் போட்டீங்களே சார்."

"அது நன்றி கார்டு மேடம்."

"எங்க நைனாவுக்கு நன்றி இல்லியா?"

அவர் குரலை இறக்கி, "ஹீரோவ ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். திடீர்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும் தயங்குவாங்க இல்லியா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்த நிமிஷம் வரை என் வாயில் பதில் தயாராகத்தான் இருந்தது. கடையில் என் எதிரே டிசைன் போடும் பாபு உட்கார்ந்திருந்தான். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். போனை வைத்துவிட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாது. யாரிடமும் நான் சொன்னதில்லை. நீ செத்த அன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க உன் மருமகன் எடுத்த போட்டோ ஒன்றை பாபுவுக்கு அனுப்பினேன். திருவிழாவுக்கு வந்தபோது எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாயே, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, அந்தப் போட்டோ. பாபு போன் போட்டான். "அக்கா, கை தெரியுது. கட் பண்ணிடட்டா?" என்றான். நான் யோசிக்கவே இல்லை நைனா. உன் மருமகன் வீட்டு ஆட்கள் வருவார்கள் என்பது ஒன்றுதான் தலையில் இருந்தது. "கட் பண்ணு" என்றேன். மார்பு வரைக்கும் வைத்து, பின்னால் மேகம் போட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினோம்.

அவர்கள் உன் கையை வைத்துக்கொண்டு முகத்தை வெட்டினார்கள். நான் முகத்தை வைத்துக்கொண்டு கையை வெட்டினேன். அவர்களிடம் எந்த வாயோடு நியாயம் கேட்கப் போனேன் என்று தெரியவில்லை.

அதுவும் முதல் தடவை இல்லை. சின்ன வயதில் உன் மடங்கிய விரல்களில் என் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டுத்தான் ஓடுவேன். அந்த விரல்கள் அதற்காகவே மடங்கியிருக்கின்றன என்று நினைத்திருந்தேன். ஆறாவதுக்குக் கச்சிராயபாளையம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், கேட்டுக்கு முன்னாலேயே பையை வாங்கிக்கொண்டேன். "நானே தூக்கிக்கிறேன் நைனா, நீ போ" என்றேன். நீ சிரித்துக்கொண்டே போனாய். அடுத்த நாளிலிருந்து துண்டைக் கையின் மேல் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாய். யாரும் உன்னிடம் சொல்லவில்லை. நீயாகப் போட்டுக்கொண்டாய்.

நேற்று மறுஒளிபரப்பையும் பார்த்தேன். பேர் வரவில்லை. வரும் என்று நானும் நினைக்கவில்லை.

ஆனால் நான் சும்மா இருக்கப் போவதில்லை. வருகிற ஆடியில் உனக்கு வருஷத் திதி. அந்த முழுப் போட்டோ பாபுவின் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. இன்று காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பெரிசாக்கிப் பார்த்துவிட்டேன், தழும்புகூடத் தெரிகிறது. மூன்று பேனர் அடிக்கிறேன். ஒன்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே. ஒன்று சுந்தரம் அண்ணன் கடைக்கு நேர் எதிரே, ஊற்றுகிறபோதெல்லாம் பார்க்கட்டும். ஒன்றை நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வெள்ளிமலையில் அந்தக் கடுக்காய் மரத்தில் கட்டுவேன். மேகம், புறா, மெழுகுவத்தி எதுவும் கிடையாது. கட் பண்ணவும் கிடையாது. கீழே இரண்டே வரி. "ஏழுமலை, கச்சிராயபாளையம். பிரான்சிஸ் தொடரில் வந்த கை இவருடையது." இது சத்தியம் நைனா. உன் மருமகன் வீட்டு ஆட்கள் வரட்டும், வந்து பார்க்கட்டும்.

நீயும் எனக்கு ஒரு சத்தியம் செய்து கொடு. நான் உன் சட்டைப் பையில் வைத்து அனுப்பிய அந்த அட்டையைக் கிழித்துப் போடு. அங்கே யார் முன்னாலும் நீட்டாதே. யாராவது நகர்ந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். அந்த அசிசிக்காரர் அங்கேதான் எங்கோ இருப்பார் என்கிறார்கள். எதிரே வந்தால் துண்டை எடுத்துவிட்டு நேராக நில். ஒட்டாது, பயப்படாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லாதே. அவர் என்ன செய்கிறார் என்று முதலில் பார்.

இப்படிக்கு,
ஐந்தாவது படிக்கும் வரை உன் விரலில் பையை மாட்டிய மகள்,
செல்வி